முதல் ஓலை

தங்கராஜின் கல்யாணத்தை எந்த நாளில் நிறுத்தினால் அவனுக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்துக்கொண்டே தாட்சாயிணி ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினாள்.

தங்கராஜ் அவள் தங்கை ரேகாவின் புருஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேகா தைத்துக்கொண்டிருந்த கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு கோவில்பதாகையில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ரேகா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அவன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

நியாயம் கேட்கப் போன தாட்சாயிணியை அவன் அம்மா கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசினாள். "எங்க மாதா கோயில்ல நடக்காதது எங்களுக்குக் கல்யாணமே இல்லம்மா."

தங்கராஜ் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. அதுதான் தாட்சாயிணியின் நெஞ்சில் தைத்து நின்றது.

இப்போது அவனுக்குப் பூந்தமல்லியில் பெண் பார்த்துவிட்டார்கள், அங்கேயே மாதா கோயிலில் கல்யாணம் என்று ரேகாவோடு வேலை செய்த சுலோசனா வந்து சொன்னாள். கல்யாணத்தன்றே போய் நிற்பது, பிரியாணி வெந்துகொண்டிருக்கும்போது எல்லார் முன்னாலும் அவனை நாறடிப்பது என்றுதான் தாட்சாயிணியின் யோசனை ஓடியது. அதற்கு முன் இடத்தைப் பார்த்து வைக்கத்தான் இந்தச் சனிக்கிழமைப் பயணம்.

டிரங்க் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பழைய மாதா கோயில். சுண்ணாம்புச் சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். வெளியே அவ்வளவு வெயில், உள்ளே கால் வைத்ததும் தரை ஜில்லென்றது. பீடத்தருகே ஒரு பெண் பூ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோயில் பாக்க வந்தீங்களாக்கா? வாங்க."

அவளே கூட நடந்து காட்டினாள். தரையில் பதித்திருந்த கற்கள் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் என்றாள். "பேரெல்லாம் தேஞ்சிபோச்சி. காலு பட்டுப் பட்டு." பிறகு வெட்கத்தோடு, "எனக்கு இங்கதான் கல்யாணம். நாளைக்கி மொத ஓலை" என்றாள்.

"ஓலைன்னா?"

"பூசை முடியறப்ப ஃபாதர் எங்க ரெண்டு பேரு பேரையும் படிப்பாரு. தடை எதுனா கீதுன்னா சொல்லுங்கன்னு கேப்பாரு. மூணு ஞாயித்துக்கெழம படிப்பாங்க. யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"மாப்ள பேரு இன்னாம்மா?"

"தங்கராஜ்." சிரித்தாள். "அவருக்கு முன்ன ஒரு பொண்ணு பாத்தாங்களாம். அது சரியில்லன்னு உட்டுட்டாங்களாம்."

தாட்சாயிணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் காதோடு சொன்னால் அவன் வேறொரு கதை கட்டித் தப்பித்துவிடுவான். கல்யாணத்தன்று சொன்னாலோ பாதி அடி இந்தப் பெண்மேல் விழும். முழு அடியும் தங்கராஜ்மேல் விழவேண்டும். அதற்கு நாளைய ஓலைதான் சரியான நேரம். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டாள். பெனிட்டா.

மறுநாள் பூசையில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ரேகாவிடம் சொல்லவில்லை. முன்வரிசையில் தங்கராஜ் தேய்த்த வெள்ளைச் சட்டையில் அம்மாவோடு இருந்தான். ஃபாதர் பெயர்களைப் படித்து, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிக் காகிதத்தை மடித்தார்.

தாட்சாயிணி எழுந்தாள். "தடை கீது, ஃபாதர்."

கோயிலே திரும்பிப் பார்த்தது.

"இந்த ஆளு என் தங்கச்சி ரேகாவோட புருஷன். ரிஜிஸ்டர் பண்ணிக்கினான். இன்னும் விவாகரத்து ஆவல. கொழந்த செத்து அவ ஆஸ்பத்திரில கெடந்தப்ப உட்டுட்டு ஓடியாந்தான்."

"பொய், ஃபாதர். இவ யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்று அவன் அம்மா கத்தினாள்.

ஃபாதர் அவளைப் பார்க்கவில்லை. "தங்கராஜ், ரிஜிஸ்டர் பண்ணினியா?"

அவன் எழுந்து நின்றான். "அது... கோயில்ல நடக்கல, ஃபாதர்."

அதற்குமேல் யாரும் எதுவும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பெனிட்டா அவன் முன்னால் வந்து நின்றாள். "சரியில்லாத பொண்ணுன்னு சொன்னது அவங்களத்தானா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். இந்தத் திருமணம் நடக்காது என்று ஃபாதர் அறிவித்தார்.

வாசலில் தங்கராஜ் வழிமறித்தான். "இன்னா நெனச்சிகினு கீற நீ?"

"இது உங்க கோயிலு. இன்னும் கோர்ட்டு கீது" என்று சொல்லிவிட்டுத் தாட்சாயிணி செருப்பை மாட்டினாள். பெனிட்டாவின் சொந்தக்காரர்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படாமல், அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டே நகர்ந்தாள்.

வீட்டில் ரேகா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். யார் உன்னைப் போகச் சொன்னது என்று திட்டுவாள் என்றே தாட்சாயிணி நினைத்தாள்.

"கோயில்ல நடக்கலன்னு சொன்னானே, அப்ப அவன் மொகம் எப்டி இருந்திச்சி?"

"வெளுத்துப்போச்சி."

ரேகா கையைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "மொதல்லேர்ந்து சொல்லு. எதையும் உடாத."

தாட்சாயிணி முதலிலிருந்து சொன்னாள். அவன் அம்மா கத்திய இடம் வந்தபோது, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் ரேகா.