ஒரு கூடு, இரண்டு பறவை

கண்ணெதிரே நிற்கிற பறவையை எண்ணாதே, கண்ணில் படாத பறவையை எண்ணு என்று எந்த ஊரிலாவது சொல்வார்களா? எங்கள் ஆபீசில் சொன்னார்கள். அதுவும் சம்பளம் கொடுத்துச் சொன்னார்கள்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். உலகத்தின் தென்கோடியில் ஏதோ ஒரு தீவு. அதன்மேல் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்கள் எங்களுக்கு வரும். சாம்பல் தலை அல்பட்ராஸ் என்று ஒரு கடற்பறவை. படத்தில் அது எங்கே இருக்கிறதென்று பார்த்து நாங்கள் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். இப்படிப் பல தீவுகளில் எண்ணித்தான் உலகத்தில் அது எத்தனை மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்களாம். எப்போதாவது மகாபலிபுரம் போனால்தான் கடலைப் பார்க்கிற ராமராஜன், அதாவது என் கையில் இந்தப் பொறுப்பு.

முதல் வாரம் நான் புள்ளி வைத்த படங்களெல்லாம் தப்பு என்று திரும்பி வந்தன. எங்கள் டீம் லீடர் நிக்கத் என்னைவிடச் சின்னவள். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். திட்டும்போதும் அந்த மரியாதைக்குக் குறைவிருக்காது.

"அண்ணா, நின்னுக்கினு இருக்கறதுக்கெல்லாம் ஏன் டாட் வெச்சீங்க? கூட்டுல குந்திக்கினு இருக்கறதுக்கு மட்டும்தான் வெக்கணும். ஒரு கூடு, ரெண்டு பறவை. அவ்ளோதான் கணக்கு."

"ஒண்ணுதானேமா குந்திக்கினு இருக்குது?"

"இன்னொண்ணு கடலுக்குப் போயிருக்கும், எர தேட. ஒண்ணு முட்ட மேல, ஒண்ணு கடல்ல."

"அப்போ நிக்கறது?"

"அதுல பாதி சும்மா சுத்திப் பாக்க வந்த வயசுப் பசங்க. அதுங்க சேராது."

இதற்கு முன்னால் நான் பட்டுத்தறிக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே கட்டத்தில் புள்ளி இருந்தால் இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. இருக்கிறதுக்குப் புள்ளி, இல்லாததுக்கு இல்லை. அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. நிக்கத் அதையே பிடித்துக்கொண்டாள்.

"மாங்கா புட்டா போடறப்ப நீங்க பாதிதானே அண்ணா போடுவீங்க? மீதிப் பாதிய கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுக்குது இல்ல? அது மாதிரிதான்."

வாஸ்தவம்தான். ஆனால் புட்டாவின் மறுபாதி எந்தக் காலத்திலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போனதில்லை.

மஸ்கட்டில் இருப்பது என் மனைவி லில்லி. நர்ஸ் வேலை. எங்கள் மகள் சுகாசினிக்கு ஒன்றரை வயதிருக்கும்போது போனாள். பாப்பா இப்போது ஒன்றாம் வகுப்பு. நடுவில் இரண்டு தடவை லில்லி லீவில் வந்தாள், வந்த வேகத்தில் போனாள். இந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள்.

"இருக்கட்டுமா, வந்துடட்டுமா? நீயே சொல்லுபா. வியாழக்கிழமைக்குள்ள அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது. வா என்றால், நல்ல வேலையில் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தவன் ஆவேன். இரு என்றால், பெண்டாட்டி இல்லாமலே எனக்கு ஆகும் என்று சொன்னவன் ஆவேன். பாப்பாவுக்குத் தலை பின்னும்போது ஒரு பக்கம் சாய்ந்தேன், ஷேர் ஆட்டோவில் ஏறும்போது இன்னொரு பக்கம் சாய்ந்தேன். ஆபீசுக்கு வந்தால் பறவைகள்.

அதிலாவது ஒரு தெளிவு உண்டா? அதுவும் கிடையாது. திரையின் மேலே அந்தப் பறவையின் பெயருக்குப் பக்கத்தில் 'அருகிய இனம்' என்று போட்டிருந்தது. எத்தனை இருக்கிறதென்று பார்த்தால் வளர்ந்த பறவை மட்டும் இரண்டரை லட்சம் போல.

"நம்ம ஊர் ஜனமே ஏறக்குறைய அவ்ளோதானே நிக்கத், நாம இன்னா அழிஞ்சிக்கினா இருக்கோம்?"

"அண்ணா, அது ஒலகம் பூரா சேத்து. அதுவும் கொறஞ்சிக்கினே வருது."

இன்னொரு சங்கதி கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு ஜோடி குஞ்சை நல்லபடியாக வளர்த்து அனுப்பிவிட்டால் அடுத்த வருஷம் பெரும்பாலும் கூடு கட்டாதாம், ஓய்வாம். அப்படியானால் இந்த வருஷம் கூட்டில் காணாத பறவை செத்ததா, ஓய்விலா? அதுவும் அடுத்த வருஷம் வந்தால்தான் தெரியும் என்றாள். செத்ததும் ஓய்வெடுப்பதும் படத்தில் ஒன்றுபோல் இருந்தால் நான் எதை நம்பிப் புள்ளி வைப்பது?

இந்தக் குழப்பத்தில்தான் அந்தக் கூடு என் கண்ணில் பட்டது. சரிவின் ஓரம், ஒரு கரும்பாறைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. ட்ரோன் வெவ்வேறு நாட்களில் பறந்து எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அதில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு, அதே இடத்தில். மீன்பிடிக் கப்பல்களின் நீளத் தூண்டிலில் மாட்டி இந்தப் பறவைகள் மூழ்கிச் சாகின்றன என்று நிக்கத் சொல்லியிருந்தாள். எனக்குச் சந்தேகமே இல்லை. இதன் ஜோடி வராது. அது தெரியாமல் இது உட்கார்ந்திருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்தது பறவையைத்தானா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்தக் கூட்டுக்குப் புள்ளி வைக்காமல் விட்டேன். படம் திரும்பி வந்தது. மறுபடியும் வைக்காமல் அனுப்பினேன்.

"இன்னா அண்ணா அடம் இது? எதுவா இருந்தாலும் மீட்டிங்ல அவங்களயே கேட்டுடுங்க" என்றாள் நிக்கத்.

புதன்கிழமை மீட்டிங். திரையில், அந்தத் தீவில் வேலை பார்த்த ஒரு பெண்மணி கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தமிழில் கொட்ட, நிக்கத் அதை இங்கிலீஷில் சொன்னாள். இந்தப் பறவை இத்தனை நாளாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறது, இதற்கு இரண்டு என்று எப்படி எழுதுவது, கணக்குத்தானே பொய்யாகும் என்று கேட்டேன்.

அந்தப் பெண்மணி படங்களைப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு சொன்னதை நிக்கத் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எல்லாப் படத்துலயும் ஒரே பறவதான்னு நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு கேக்கறாங்க அண்ணா."

நான் படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"மேலருந்து பாத்தா ஆணும் பொண்ணும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். ரெண்டும் மாத்தி மாத்திக் குந்துமாம். ஒண்ணு வந்ததும் பசியோட இருக்கறது கெளம்பிடுமாம். ஜோடி வரவே இல்லன்னா இத்தினி நாளு பட்டினியா தாங்காதாம், முட்டைய வுட்டுட்டுப் போயிடுமாம். இந்தப் படத்துல இருக்கறது அவரா இருக்கலாம், அடுத்ததுல அந்தம்மாவா இருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தே உருகிக்கொண்டிருந்தேன். கடலில் இருக்கிறதும் திரும்பி வந்து முட்டைமேல் உட்காருகிற பறவைதான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? வா என்பதா, இரு என்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே, உனக்கு என்ன வேண்டும் என்று லில்லியை ஒரு வார்த்தை கேட்டேனா? வெட்கமாக இருந்தது. அந்தக் கூட்டுக்குப் புள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் எங்கள் வீடிருக்கிற ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே போன் போட்டேன். பாப்பா பக்கத்து வீட்டு அலமு அக்காவிடம் இருந்தாள். நான் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டேன்.

"லில்லி, நீ வந்து குந்து. நான் போறேன்."

"எங்க போற? குடிச்சியா?"

"இல்லமா. சூரத்துல டிசைனுக்கு ஆளு கேக்கறாங்க. நான் போறேன். இத்தினி வருஷம் நீயே அலஞ்சிட்ட. ஒனக்கு அங்கயே இருக்கணும்னு இருந்தா இரு. ஒனக்கு இன்னா வேணும்னு நான் கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன்."

அந்தப் பக்கம் யாரோ 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் வந்தா பாப்பா எங்கிட்ட ஒட்டுமா?" என்று கேட்டாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. இருக்கட்டுமா, வரட்டுமா என்று என்னைக் கேட்டதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒட்டும் என்று சொல்லத்தான் ஆசை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியல லில்லி."

அவள் அழுவாள் என்று பயந்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டிக்கெட் போடறேன்" என்றாள். "ஆனா நான் வந்த ஒடனே நீ கெளம்பிடாதபா. கொஞ்ச நாளு ரெண்டு பேருமே இருக்கலாம்."