இடப்பக்க முகம்

மான்செஸ்டர் தொலைக்காட்சி நிலையத்தின் மாடி நடையில் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். எல்லாரும் ஒரே வேஷத்துக்காக வந்தவர்கள்: கல்யாணப் பெண்ணின் அப்பா, சுரங்கத் தொழிலாளி. கடைசி நாற்காலியில் வால்ட்டர் ஹெப்பிள், இடது கன்னத்தைச் சுவரோரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டா, சுவத்துக்கு முத்தம் குடுக்கப் போறியா? இந்தப் பக்கம் திரும்பு" என்றார் அடுத்த நாற்காலியில் இருந்த டெஸ்மண்ட் பைக். இருபது வருஷமாக ஒரே வேஷங்களுக்கு இருவரும் போட்டி போட்டு வந்தவர்கள்.

வால்ட்டர் திரும்பினார். இடது வாய்க்கோடி தொங்கியிருந்தது. அந்தப் பக்கத்து இமையும் பாதி இறங்கியிருந்தது. டெஸ்மண்டின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து?"

"போன ஈஸ்டருக்கு முன்னாடி. டீ ஊத்திக்கிட்டிருந்தேன். கெட்டிலும் விழுந்துச்சு, நானும் விழுந்தேன்."

"பேச வருதா?"

"இவ்வளவு நேரம் உங்கிட்ட யாரு பேசறது, உன் மாமியாரா?"

வால்ட்டர் முதலில் சால்ஃபர்டில் பஸ் கண்டக்டராக இருந்தவர். முப்பது வயதுக்கு மேல் வேலையை விட்டுவிட்டு, கடற்கரை ஊர் ஒன்றில் வாரத்துக்கொரு நாடகம் போடும் குழுவில் சேர்ந்தார். பிறகு தொலைக்காட்சி. போலீஸ் சார்ஜண்ட், குதிரை வண்டிக்காரன், மதுக்கடைக்காரர், பிணத்தை முதலில் பார்க்கும் தோட்டக்காரன். எங்கேயோ பார்த்த முகமென்று தெருவில் ஜனங்கள் அவரை நிறுத்துவார்கள். "எங்க வீட்டு கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ண வந்தீங்கல்ல?" என்பார்கள். "ஆமா, இப்ப நல்லா எரியுதா?" என்று கேட்டுவிட்டு நடப்பார்.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு வேஷம் பிடித்துத் தரும் ஏஜெண்ட் மாரிஸ், "நல்லா ரெஸ்ட் எடு" என்று சொன்னதோடு சரி. மனைவி டோரீன் சலவைக் கூடத்தில் வேலை முடிந்து வந்ததும் உருளைக்கிழங்கு சீவ உட்காருவாள். வால்ட்டர் எதிரில் நின்று கால்பந்து முடிவுகளைச் சத்தமாக வாசிக்க வேண்டும். "ஷெஃபீல்டுன்னு ஒழுங்கா சொல்லு. அது வர்ற வரைக்கும் இந்தக் கிழங்கு அடுப்புல ஏறாது" என்பாள். பல நாள் இருவரும் தாமதமாகத்தான் சாப்பிட்டார்கள். இந்த வேஷத்துக்கு ஆள் எடுப்பதைப் பற்றியும் அவள்தான், நிலையத்து மேக்கப் அறையில் வேலை செய்யும் சிநேகிதியிடம் கேட்டு வந்து சொன்னாள்.

உள்ளே இயக்குநர் ஜூடித் கார்வே இருந்தாள். இளம்பெண். பக்கத்தில் நிலையத்தின் தயாரிப்பாளர். வால்ட்டர் கல்யாண விருந்தில் அப்பா பேசும் பேச்சை வாசித்தார். பாதியில் வாயோரம் எச்சில் வழிந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஜனங்க சாப்பிட்டுக்கிட்டே பாக்கற நேரம் இது" என்றார் தயாரிப்பாளர், குரலைத் தாழ்த்தாமலே.

ஜூடித் வால்ட்டரைப் பார்த்தாள். "அந்தத் துடைச்சது, நீங்களா சேத்துக்கிட்டதா?"

"இல்லம்மா, அது தானா ஒழுகுது. வேணாம்னா நிக்கச் சொல்லிப் பாக்கறேன். ஆனா நான் சொன்னா அது கேக்காது."

அவள் சிரித்துவிட்டாள். தயாரிப்பாளர் சிரிக்கவில்லை. ஜூடித் வெகுநேரம் வாதாடிய பிறகு ஒரு நிபந்தனையோடு அவர் சம்மதித்தார்: கேமரா வலது பக்கம்தான் இருக்க வேண்டும், இடது கன்னம் தெரியக் கூடாது.

வால்ட்டர் வெளியே வந்தபோது, டெஸ்மண்ட் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "கெட்டிலோட நானும் விழுந்திருக்கணும்" என்று அலுத்துக்கொண்டு, கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார்.

படப்பிடிப்பு அன்று வால்ட்டரின் வலப்பக்கத்தில் மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்பால் கேமரா. விருந்தாளிகளை நேராகப் பார்த்தே பேச வேண்டும், பெண் பக்கம் திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முதல் தடவை அப்படியே பேசினார். குறையொன்றும் இல்லை. ஆனால் யாரையோ பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

இரண்டாம் தடவை கோப்பையைத் தூக்கினார். "நீ பொறந்தப்ப நான் பூமிக்கு அடியில இருந்தேன்" என்ற வரி வந்ததும் அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. திரும்பினார். முழு முகமும் கேமராவுக்கு நேராக வந்தது. வாயோரம் ஈரம். பெண்ணாக நடித்தவள் மேஜைமேல் இருந்த கைத்துணியை எடுத்து, யாரும் சொல்லாமலே, அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஜூடித் 'கட்' சொல்லவில்லை. ஏணிமேல் விளக்கைப் பிடித்திருந்த ஆள் மூக்கை உறிஞ்சியது எல்லாருக்கும் கேட்டது.

அதைத்தான் ஒளிபரப்பினார்கள்.

மறுநாள் வால்ட்டர் மீன் வறுவல் கடைக்குப் போனார். வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான். வாசலத் தாண்ட மாட்டாரு. நேத்து உங்களப் பாத்தாரு. இன்னிக்குக் காலையில பேப்பர் வாங்க அவரே கிளம்பிப் போனாரு" என்றாள். பிறகு கேட்டாள்: "உங்க பேரு என்ன?"

இத்தனை வருஷத்தில் தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் சொன்னார். ஒரு எழுத்தும் குழறவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாரிஸ் போன் செய்தான்.

"வால்ட்டர்! உன்னத்தான் கேக்கறாங்கப்பா. வாதம் வந்த தாத்தா ஒண்ணு, குடிகாரன் ஒண்ணு. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிக் கதை. அதுல படுத்த படுக்கையா கிடக்கற நோயாளி. வசனமே கிடையாது, சுலபம்."

"அந்தக் கதையில டாக்டர் இருப்பாருல்ல?"

"இருக்காரு. பெரிய வேஷம். ஏன்?"

"அதுக்கு ஆள் போட்டுட்டாங்களான்னு கேளு."

மாரிஸ் சிரித்தான். இந்தப் பக்கம் சிரிப்பு வராததால் நிறுத்தினான். "வால்ட்டர், அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு டாக்டரா..."

"டாக்டருக்கு வாதம் வராதா? நீ கேளு."

"சரி, லைன்ல இரு."

இன்னொரு போனின் எண்களைச் சுழற்றும் சத்தம் கேட்டது. அடுப்படியில் டோரீன் குழாயை மூடினாள். ஈரக் கையோடு வந்து அவருடைய இடப்பக்கத்தில் நின்றுகொண்டாள். தொலைவில் மாரிஸின் குரல், யாரிடமோ குழைந்துகொண்டு, "தப்பா நினைக்காதீங்க சார், சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தது.

வால்ட்டர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நின்றார்.