யாரும் தொடாத லேப்டாப்

"என் லேப்டாப்பை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்" என்று பிரணவிடம் மூன்றாவது முறையாக ஹிந்தியில் பொய் சொன்னேன்.

பிரணவ் எங்கள் கம்பெனியின் செக்யூரிட்டி டீம். அவன் இருப்பது பூனாவில் விமான் நகர் ஆபீசில். என் லேப்டாப் இருந்தது ஊரின் மறுகோடி வாகட்டில், எங்கள் சாப்பாட்டு மேசையில். ஆன்லைன் கால் போட்டு ஸ்க்ரீனை வாங்கிக்கொண்டு, என் மவுசை அங்கிருந்தே நகர்த்திக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக ஏதோ ஒரு ஃபைல் என் மிஷினிலிருந்து வெளியே தகவல் அனுப்புகிறதாம். ஆபீஸ் லேப்டாப்பை வேறு ஆளுக்குக் கொடுத்தது தெரிந்தால் வேலை காலி. போன மாதம் என் டீமில் இருந்த ஃபேபியோலாவை இதற்குத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு இங்கே பன்னிரண்டு வருட சர்வீஸ்.

ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டான். விண்டோஸ் அப்டேட் மாதிரி சாதுவான பெயர், ஆனால் இருக்கக் கூடாத ஃபோல்டர். அழித்தான். ஒரு நிமிடத்தில் சனியன் திரும்ப வந்து உட்கார்ந்தது. மறுபடி அழித்தான், மறுபடி வந்தது. இதை எழுப்பிவிட இன்னொன்று உள்ளே இருக்கிறது, முதலில் அதைப் பிடிக்க வேண்டும் என்றான்.

தேடிக்கொண்டே போனவன் நின்றான். சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு ஒரு ஜிப் ஃபைல் டவுன்லோட் ஆகியிருந்தது. அடுத்த நிமிடமே இந்த ஃபைல். ஜிப்பின் பெயர், ஃப்ரீ தமிழ் ஃபான்ட்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. சனிக்கிழமை ஆறு நாற்பதுக்கு நான் கேம்ப் ஏரியா பார்லரில், தலையில் ஹேர் டையோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருந்தது என் புருஷன் கிரேக். சர்ச்சில் தமிழ் பாடகர் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

"தெரியாமல் க்ளிக் ஆகியிருக்கும்" என்று பிரணவிடம் குழைந்துவிட்டு, சோபாவில் சாய் கிளாசோடு கிடந்தவனைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தேன். ம்யூட் போடத் தோன்றவே இல்லை. பூனாவில் நாங்கள் அப்படித்தான். ஆட்டோக்காரன் முன்னால், வாட்ச்மேன் முன்னால், தமிழில் எதை வேண்டுமானாலும் பேசுவோம்.

"அடப்பாவி, பாட்டு ஷீட் அடிக்க என் லேப்டாப்தான் கெடச்சுதா?"

"ஏ பாபா, கத்தாத. என்னுது ஆன் ஆகல. ஃபான்ட் எறக்கினேன், பஸ், அவ்ளோதான். அட்மின் பாஸ்வேர்ட் கேட்டுச்சு, போட்டேன்."

"போட்டியா? மெயில் பாக்க அவசரம்னு கெஞ்சினப்ப குடுத்தேன்டா. கண்ட குப்பைய ஏத்தவா குடுத்தேன்?"

"குடுத்தது நீதானே? அப்பறம் என்ன ரோஷம்?"

"வெக்கமா இல்ல? ஒன்னக் காப்பாத்த அவன்கிட்ட மூணு வாட்டி புளுகியிருக்கேன். என் வேல போச்சுன்னா சோத்துக்கு ஒன் பாட்டு ஷீட்டையா திங்கறது?"

"சும்மா ஓவரா பண்ணாத கெசி. அந்த ஆளுக்கு என்ன தெரியப் போகுது?"

ஸ்க்ரீனில் மவுஸ் நகர்ந்தது. ஓடிக்கொண்டிருந்ததைப் பிரணவ் நிறுத்தினான். நிமிடத்துக்கு ஒரு தரம் அதை எழுப்பிவிட்ட ஷெட்யூலை நீக்கினான். பிறகு ஃபைலை அழித்தான். ஒரு நிமிடம் பார்த்தோம், இரண்டு நிமிடம் பார்த்தோம். வரவில்லை. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"ஃபைல் போயிடுச்சு மேடம்" என்றான் பிரணவ். தமிழில்.

நான் அவசரமாக ம்யூட் பட்டனைத் தேடினேன்.

"நான் கேக்காத மாதிரி இருந்துரலாம்னுதான் பாத்தேன். ஆனா கால் ரெக்கார்ட் ஆகுது. பாஸ்வேர்ட் குடுத்தத எழுதாம விட முடியாது. இன்னும் அஞ்சு நிமிஷத்துல லேப்டாப் லாக் ஆயிடும். நாளைக்கு ஹெச்ஆர்ல ஒப்படைச்சுடுங்க. ஸாரி மேடம்."

கிரேக் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து வந்தான். முகமெல்லாம் பல்.

"அரே, நீங்க தமிழா? எந்த ஊரு பிரதர்?"

"திருச்சி" என்றது லேப்டாப், சங்கடமாக.

நாற்காலியை இழுத்து அவன் முன்னால் போட்டேன்.

"உக்காரு கிரேக். திருச்சில எங்கன்னு கேளு. நிதானமா கேளு. இனிமே எனக்கும் வேற வேல இல்ல."