பாட முடியாத வேகம்

மழை ஓய்ந்தும் மேகம் விடைபெறாத கூதிர்க்காலம். ஞாயிறு எழும் திசையைப் பறவைகளே ஐயுற்றன. இலை நுனியில் தங்கிய நீர், விழுவதா வேண்டாமா என்று நெடுநேரம் எண்ணிப் பின் ஒலியின்றி விழுந்தது. தெருவும் கூரையும் மதிலும் ஒரே சாம்பல் நிறப் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்க, உலகமே பெருந்தவத்தில் அமர்ந்தாற்போல் இருந்தது.

அத்தவத்தின் பயனைப் பெற்றவர் மருந்துக்கடைக்காரர் ஒருவரே. இருமல் மருந்து நன்றாக விற்றது.

வருகிறவர்க்கெல்லாம் மருந்தோடு ஓர் அறிவுரையையும் இலவசமாகக் கட்டிக்கொடுப்பது அவர் வழக்கம். "கொஞ்சம் நடங்க. நடந்தாலே பாதி நோய் போயிடும்." அவர் மட்டும் நடந்ததில்லை. கடை கீழே, வீடு மேலே. இடையிலிருந்த படிக்கட்டே அவருடைய மலையேற்றம்.

சென்ற கோடையில், மருந்து உறைகளின்மேல் அவர் எழுதும் எழுத்து சிறுக்கத் தொடங்கியது. கண்ணாடியை மாற்றினார், பேனாவை மாற்றினார். "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு, எந்த வேளைக்குன்னு வாயால சொல்லிடுங்க" என்று வாடிக்கையாளரான தையற்காரர் ஒருவர் உறையைத் திருப்பித் தந்தபோதுதான் மருத்துவரிடம் போனார். நடக்கையில் அவருடைய வலக்கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருப்பதை மருத்துவர் கண்டார். பார்க்கின்சன் நோய், தொடக்க நிலை. மாத்திரையோடு, மூச்சு வாங்கும்படியான உடற்பயிற்சியும் வேண்டும். அது நோயின் வேகத்தைக் குறைக்கக்கூடும், உறுதி சொல்வதற்கில்லை என்றார்.

எழுத்து இன்னும் சிறுத்தால் பேனாவை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, தம் கடையிலேயே வேடிக்கை பார்த்து நிற்க வேண்டும்.

ஆகவே ஒரு பயிற்சி சைக்கிள் வாங்கினார். அதைப் பூசை மாடத்துக்கு எதிரே நிறுத்தி, விடியலில் ஏறி அமர்ந்து, பதிகம் பாடிக்கொண்டே மிதித்தார். பண் ஆற அமரப் போயிற்று. காலும் அவ்வாறே போயிற்று. இறங்கும்போது ஒரு துளி வியர்வை இல்லை. புண்ணியமும் ஆரோக்கியமும் ஒரே இருக்கையில் கிடைத்துவிட்டதாகத் தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார்.

"சைக்கிள் ஓட்டுறியா, இல்ல அதைத் தாலாட்டித் தூங்க வைக்கிறியா?" என்றாள், உடன் வாழும் அக்கா.

"பாட்டு கேக்குதில்ல?"

"கேக்குது. சக்கரம் சுத்துற சத்தம்தான் கேக்கல."

சில வாரங்கள் கழித்து, மருத்துவர் அனுப்பிய இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தாள். இளம்பெண். அவர் மிதித்துக்கொண்டே பாடிக் காட்டினார். அவள் பாட்டு முடியும்வரை மரியாதையாக நின்றாள்.

"குரல் ரொம்ப நல்லா இருக்கு ஐயா."

"எல்லாம் அவன் அருள்மா."

"அதுதான் பிரச்சனை. நாலு வார்த்தை பேசவே மூச்சு வாங்கணும். முழுப் பாட்டும் பாட முடியுதுன்னா, நீங்க சைக்கிள் மேல சும்மா உக்காந்திருக்கீங்க, அவ்வளவுதான்."

"பாட்டைப் பாதியில விட்டா தெய்வக்குத்தம் ஆயிடும்மா."

"உனக்கு வசதியான தெய்வம்தான்டா" என்றாள் அக்கா.

அப்பெண் சைக்கிளின் குமிழைத் திருகி, சக்கரத்தை இறுக்கினாள். "இப்போ மிதிங்க."

பாட்டின் முதல் அடி வந்தது. இரண்டாம் அடி பாதியில் முறிந்தது. பிறகு வாயிலிருந்து வந்தது பதிகமன்று, கொல்லன் துருத்தியின் ஓசை. இத்தனை ஆண்டுகளாக "நடங்க" என்று அவர் அனுப்பிவைத்தவர்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்று சிரிப்பதுபோல் தோன்றிற்று. நியாயமான சிரிப்புதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். வாய்விட்டு ஒப்புக்கொள்ள மூச்சில்லை.

மேகம் விடைபெறும்வரை நாள்தோறும் அப்படியே மிதித்தார். எழுத்து பழைய அளவுக்குத் திரும்பவில்லை, மேலும் சிறுக்கவுமில்லை. தையற்காரர் உறையை எட்டப் பிடித்துத் தாமே படித்துவிட்டு, "உங்க எறும்பு கொஞ்சம் சதை போட்டிருக்கு" என்றார்.

மறுநாள் விடியலில் அவர் நனைந்த சட்டையோடு சைக்கிளிலிருந்து இறங்கினார். மூச்சு அடங்கும்வரை மாடத்தின் முன் நின்றார். விளக்கேற்றுகையில் விரல் நடுங்கிற்று. திரி பற்றும்வரை பொறுத்திருந்தார். பின்பு, சைக்கிளின்மேல் முறிந்துபோன அந்த இரண்டாம் அடியின் மிச்சத்தை, மெல்லப் பாடி முடித்து வணங்கினார்.

பின்னால் நின்ற அக்கா, அவருடைய ஈரத் தலையில் கை வைத்தாள்.

"நல்லா இருடா. உன் கையும் காலும் உன் சொல்லைக் கேட்டு நெடுநாள் நடக்கட்டும்."