இரண்டு சாண் நாலு விரல்

ஏணியில் மொத்தம் பன்னிரண்டு படி. இறங்கும்போது ஏழாவது படியில் நம்பிராஜனுக்கு வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும். உள்ளே யாரோ சாவி போட்டுப் பூட்டியதுபோல் நின்றுவிடும். இரண்டு கையாலும் இரும்பைக் கட்டிக்கொண்டு, சண்டி மாட்டை ஓட்டுகிறவர் மாதிரி "போ, போ" என்று முழங்காலிடம் சொல்லுவார். அது தன் இஷ்டத்துக்கு அவிழும். அதுவரை கீழே போகிறவர்கள் தலைக்கு மேல் தொங்கும் அவருடைய காலைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள். முப்பத்து நாலு வருஷம் தாராவியில் உப்புத் தோல் கட்டுச் சுமந்த முழங்கால். கட்டு ஒன்று எழுபது கிலோ. சுமந்ததெல்லாம் முதுகு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் குடியிருக்கும் மேல் கோலி ஒற்றை அறைதான்; மூலையில் ஒரு மோரி உண்டு. குளிக்கவும் சிறுநீர் கழிக்கவும் அது போதும். மற்றதற்குக் கீழே இறங்கி, இரண்டு சந்து தாண்டி, பொதுக் கக்கூஸான சண்டாஸில் வரிசையில் நிற்க வேண்டும். ஆடி மழையில் ஏணி வழுக்கி மூன்று படி சறுக்கியதிலிருந்து அவர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சாப்பிட்டால் இறங்க வேண்டும். கணக்கு சரிதான், வயிறுதான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கோலியில் கருவாடு வறுத்தால் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

சறுக்கிய விஷயம் நாலாசோப்பாராவில் இருக்கும் மகன் பேச்சிராஜாவுக்கு எட்டிவிட்டது. போனில் பேசினான்.

"யப்பா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வாரேன். நீங்க தனியா சமாளிக்க முடியுமா முடியாதான்னு பாக்கேன். முடியாதுன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன். கோலிய பை தைக்கிற ஆளு ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான்."

"ஒங்க வீடு எத்தனாவது மாடில?"

"மூணாவது. லிஃப்ட் வரப்போவுது."

"ரெண்டு வருசமா வந்துட்டு இருக்கு."

மகன் வீட்டில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம். ஹாலில் டிவிக்கு நேர் எதிரே படுக்க வேண்டும். மருமகள் பிரேமலதா நல்ல பெண்தான். ஆனால் ராத்திரி பதினொன்றரை வரை அவள் சீரியல் பார்க்கும்போது அவர் குறட்டை விட்டுவிடக் கூடாதே என்று விழித்துக்கொண்டே கிடக்க வேண்டும். இங்கே குறட்டை அவருடையது, கூரையும் அவருடையது.

அவர் நம்பியிருந்தது ஒரு நாற்காலியை. போன மாதம் ஏதோ டிரஸ்ட்காரர்கள் பள்ளிக்கூட ஹாலில் அறுபது தாண்டியவர்களுக்கு முகாம் போட்டார்கள். தமன்னா என்ற பெண் கையில் டேப் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன வேணும் தாத்தா?" என்று கேட்டாள்.

"ஏணி இல்லாத வீடு."

"அதுக்கு ஆப்ஷன் இல்ல தாத்தா." அவள் சிரிக்காமல் சொன்னாள். காது மெஷின், நடக்கிற வாக்கர், முட்டி பெல்ட், கமோடு நாற்காலி என்று வாசித்தாள். கடைசி ஒன்று என்ன என்று கேட்டார். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, ஓட்டைக்குக் கீழே மூடி போட்ட வாளி, வீட்டுக்குள்ளேயே உட்காரலாம், வாளியை நாளைக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் கொட்டினால் போதும் என்று படம் காட்டினாள். நம்பிராஜன் அந்தப் படத்தைப் பார்த்த மாதிரி, பொண்ணு பார்க்கப் போன இடத்தில்கூடப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை டெம்போ வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் சண்டாஸ் வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்றிருந்தார். மேல் கோலிக்கும் கீழ் கோலிக்கும் ஒரே நம்பர். சாமான் கொண்டுவந்தவர்கள் ஏணியை அண்ணாந்து பார்த்தார்கள், முகாமில் பெயர் கொடுத்திருந்த இரண்டு கோலிக்காரர்கள் சாமானையும் கீழ் கோலியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

கீழ் கோலி செண்பகவல்லியுடையது. அறுபத்தாறு வயது. காலையில் வாசலில் உட்கார்ந்து இட்லி விற்கிறவள். அவளும் அவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்போது மேல் மோரியின் குழாய் ஒழுகி, அவள் மகள் மாலதியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டின் மேல் சொட்டியது. இருநூறு பத்திரிகையிலும் சரியாக மாப்பிள்ளை பெயர் மட்டும் அழிந்துபோனது. மாலதி அந்த மாப்பிள்ளையோடு செம்பூரில் இரண்டு பிள்ளை பெற்றுச் சௌக்கியமாக இருக்கிறாள். சண்டையும் சௌக்கியமாக இருந்தது.

பேச்சு இல்லையே தவிர சாடை உண்டு. எதிர்க் கோலியில் தோல் பெல்ட் தைக்கும் கரீம் பாட்சா இரண்டு பேருக்கும் பொது. சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லுவார்கள், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், யார் செத்துப்போனார்கள், கரண்டு பில் எவ்வளவு, எல்லாம் பதினோரு வருஷமாகப் பாட்சாவின் தையல் மிஷின் வழியாகத்தான் போய் வந்தன. இட்லிகூட நடந்தது. காலையில் நம்பிராஜன் கயிற்றில் கூடையை இறக்குவார், கூடையில் டப்பா இருக்கும். அவள் டப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நாலு இட்லி வைத்து மூடுவாள்.

சண்டாஸிலிருந்து திரும்பிய நம்பிராஜன், திறந்திருந்த அவள் வாசலைப் பார்த்து நின்றுவிட்டார். உள்ளே அவருடைய நாற்காலி. படத்தில் பார்த்த அதே வெள்ளைக் கை, அதே ஓட்டை. ஓட்டையில் செண்பகவல்லியின் தண்ணீர்க் குடம் அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வந்த வாக்கரில் இட்லித் துணி காய்ந்தது.

அன்று சாயங்காலம் ஏணியின் உச்சியில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"பாய், அடுத்தவன் சாமான வாங்கி வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டா அதுக்குப் பேரு என்ன?"

கீழேயிருந்து சத்தம் வந்தது. "பாய், டிரஸ்ட்காரன் மகராசன் எனக்குக் குடம் வைக்க ஸ்டாண்டு குடுத்தான். சில பேருக்கு அதுக்கும் வயிறு எரியுது."

"ஸ்டாண்டாம்! பாய், அது ஸ்டாண்டு இல்லன்னு சொல்லுங்க."

"ஸ்டாண்டு இல்லாம என்ன, தேரா?"

பாட்சா மிஷினை நிறுத்தவில்லை. "ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லுதீய," என்றார். அவர் எப்போதும் அதைத்தான் சொல்லுவார்.

நம்பிராஜன் வாயைத் திறந்தார். அது என்ன என்று சொல்லிவிடலாம். பாட்சா தவிரச் சந்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்போதுதான் செண்பகவல்லி குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மோந்து, கூரியர்காரப் பையனுக்குக் கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்தான். நம்பிராஜன் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை இட்லி பஞ்சுபோல் வந்தது. நாலும் தின்று முடித்தார். வழக்கத்தைவிட நன்றாக இருக்கிறதே என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே செண்பகவல்லி அடுத்த ஈட்டுக்கு மாவு எடுத்துக்கொண்டிருந்தாள். புத்தம் புது வெள்ளை வாளி. இறுக்கமான மூடி. நாற்காலியோடு வந்த வாளி.

நம்பிராஜன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். வாளி புதுசுதான், யாரும் தொட்டதில்லை என்று வயிற்றுக்குச் சொன்னார். வயிறு முழங்காலைப் போலத்தான், சொன்னதை உடனே கேட்கவில்லை.

அன்று காலை சந்தில் பாதிப்பேர் அந்த இட்லியைத் தின்றார்கள். பாட்சா ஆறு வாங்கினார். "மைனி, இன்னைக்கு மாவுல என்ன போட்டீய?" என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு வாங்கினார்.

இப்போது கஷ்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. உள்ளதைச் சொல்லாவிட்டால் நாற்காலி வராது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகன் வந்துவிடுவான். பாட்சா வழியாகச் சொன்னால் சந்துக்கே தெரிந்து, நாளையிலிருந்து அவளிடம் ஒருத்தனும் இட்லி வாங்க மாட்டான். புருஷன் இல்லாத பொம்பளை, அந்த இட்லிதான் அவளுக்கு அரிசியும் மருந்தும். தவிர, அவள் அடுப்பை அணைத்தால் அவர் கூடையை யாரிடம் இறக்குவது? சாடைக்கு நடுவில் ஒரு மூன்றாவது ஆள் வேண்டும். இந்த விஷயத்தையோ மூன்றாவது ஆள் முன்னால் சொல்ல முடியாது.

மத்தியானம் பாட்சா மிஷினை மூடிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். சந்து வெயிலில் காலியாகக் கிடந்தது. நம்பிராஜன் இறங்கினார். ஏழாவது படியில் முழங்கால் பூட்டியது. "இன்னைக்கு மட்டும்" என்று கெஞ்சினார். அவிழ்ந்தது.

வாசலில் நிழல் விழுந்ததும் செண்பகவல்லி எதிர்க் கோலியைப் பார்த்துச் சொன்னாள், "பாய் தொழுகைக்குப் போயிருக்காவ. ஆரும் இல்ல."

"தெரியும். மைனி, ஒங்ககிட்டத்தான் பேச வந்தேன்."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். குடத்தைத் தவிர யாரும் இல்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாற்காலி எதற்கு, ஓட்டை எதற்கு, வாளி எதற்கு. சுருக்கமாகத்தான் சொன்னார். செண்பகவல்லி குடத்தைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள்.

"எல்லாரும் தின்னுட்டாவளே, அண்ணாச்சி."

"நானும் தின்னேன். நாலு."

செண்பகவல்லி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"எப்பிடி இருந்துச்சு?"

"பஞ்சு மாதிரி."

"மூடி நல்ல டைட்டு. அதான் மாவு பொங்கி வந்துச்சு." சொல்லிவிட்டுச் செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நம்பிராஜன் பயந்தார். சிரிப்புதான். சத்தம் வெளியே போகக் கூடாது என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "கவுன்சிலருக்கு நிக்கப்போறேன்னு ஒருத்தன் காலைல ஓட்டு கேட்டு வந்தான். சொம்பு சொம்பா குடிச்சான். நல்லா குடிக்கட்டும்."

"மைனி, இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்."

"பின்ன, போஸ்டரா ஒட்டுவேன்?" முகத்தைத் துடைத்தாள். எழுந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடவில்லை. "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். இந்த நடு முதுகு இருக்குல்லா, இது குனிஞ்சா நிமிராது. நாளைக்கு நாப்பது தடவ குனிஞ்சு தண்ணி மோக்கேன். நேத்துலேர்ந்துதான் நின்னபடிக்கே மோந்தேன். ஒரு நாளு. அதுக்குள்ள வந்துட்டீய."

முதுகைப் பற்றி நம்பிராஜனுக்குத் தெரியாததா.

"நான் ஒங்களுக்கு ஸ்டாண்டு வாங்கித் தாரேன், மைனி. இதே உயரத்துல."

"வாயால சொன்னா உயரம் வந்துருமா? அளந்துக்கிடுங்க."

நாற்காலியின் ஓட்டைக்கும் தரைக்கும் நடுவே அவர் கையை வைத்து அளந்தார். இரண்டு சாண், அதற்கு மேல் நாலு விரல். அவர் விரல்கள் தோல் உப்பில் தடித்தவை. "ஒங்க விரலுக்கு நாலு, என் விரலுக்கு ஆறு," என்றாள் செண்பகவல்லி. "ஒங்க விரலையே வச்சிக்கிடுங்க."

இருந்த மாவு சனிக்கிழமை காலையோடு தீர்ந்தது. அன்றைக்கும் இட்லி பஞ்சாகத்தான் இருந்தது. நம்பிராஜன் நாலையும் தின்றார். மத்தியானம் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். நாற்காலி விரித்தபடி ஏணிக்கு மேல் இருக்கும் வாசலில் நுழையாது. பாட்சா வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் ஒரு கம்பியை இழுத்ததும் அது குடைபோல் மடங்கிவிட்டது.

"என்ன சாமான் இது அண்ணாச்சி?"

"சேரு," என்றார் நம்பிராஜன்.

"சேரு," என்றாள் செண்பகவல்லி.

பாட்சா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே வார்த்தையை, அவர் வழியாக இல்லாமல் சொல்லியிருந்தார்கள். அவருக்கு ஏதோ வேலை போனது போல இருந்தது. நாற்காலியை இட்லிக் கயிற்றில் கட்டி, மேலேயிருந்து நம்பிராஜன் இழுக்க, கீழேயிருந்து பாட்சா தள்ள, அது சுவரில் நாலு இடத்தில் இடித்துக்கொண்டு மேலே போனது.

"இட்லிக் கயிறு இனிமே இதுக்கு வேண்டாம். வாளி எறக்க வேற கயிறு வாங்குங்க," என்று செண்பகவல்லி ஏணியடியில் நின்று கத்தினாள். "மஞ்சக் கயிறு இட்லிக்கு, நீலக் கயிறு அதுக்கு. மாத்தினீயன்னா அடுப்ப அணைச்சிருவேன்!"

பாட்சா, "அதுக்குன்னா எதுக்கு?" என்று கேட்டார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தே காலுக்குப் பேச்சிராஜா வந்தான். ஏணி ஏறிய மூச்சிரைப்பில் முதலில் கண்ணில் பட்ட நாற்காலியில், மூடி போட்டிருந்த இடத்தில், உட்கார்ந்தான். "நல்ல சேரா இருக்கே யப்பா, எங்க வாங்கினீய?" அது எதற்கு என்று நம்பிராஜன் சொன்னார். அவன் எழுந்து நின்று பேன்ட்டைத் தட்டினான். பிறகு வாளியை வெளியே எடுத்து, உள்ளே வைத்து, ஓட்டை வழியே பார்த்தான்.

"இத யாரு கழுவுவா?"

"நாந்தான். வாளிய கயித்துல எறக்கிட்டு நாளைக்கு ஒரே ஒரு தடவ எறங்குவேன். விடியக்காலம் சண்டாஸ்ல கூட்டம் இருக்காது."

"ஏணில விழுந்தா?"

"நாளைக்கு நாலு தடவ விழுற எடத்துல ஒரு தடவதான் விழுவேன்."

பேச்சிராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பை தைக்கிற ஆளுக்குப் போன் போட்டு, தீபாவளி வரைக்கும் பொறுக்கச் சொன்னான். போகும்போது கீழே செண்பகவல்லி அவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடம் தரையில் இருந்தது. குனிந்து மோந்தவள் நிமிர நேரமானது.

அன்று ராத்திரி நம்பிராஜன் சாப்பிட்டார். ஆறு வாரத்துக்குப் பிறகு சோறும் கருவாட்டுக் குழம்பும். மறுநாள் காலை ஜன்னலில் மஞ்சள் கயிறும் நீலக் கயிறும் பக்கம் பக்கமாகத் தொங்கின. மேல் கோலிக்குத் தளம் வெறும் பலகை. இடுக்கு வழியே கீழே நடப்பதெல்லாம் கேட்கும். குடத்தில் செம்பு முங்கும் சத்தம், அதை அடுத்து "யம்மா" என்று ஒரு முனகல். மறுபடி செம்பு, மறுபடி "யம்மா". பதினோரு வருஷமாக இது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். பத்து மணிக்குள் பதினேழு தடவை.

பழைய இரும்புச் சாமான் விற்கும் சந்தில் ஸ்டாண்டு கிடைக்கும். அதற்கு இன்னொரு தடவை இறங்க வேண்டும், நாலு சந்து நடக்க வேண்டும், இரும்பைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். நம்பிராஜன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கையை விரித்துப் பார்த்தார். கீழே மறுபடி செம்பு முங்கியது.

செண்பகவல்லிக்கு அவர் தர வேண்டியது குடம் வைக்க ஒரு ஸ்டாண்டு. உயரம் இரண்டு சாண், நாலு விரல். இன்னும் தரவில்லை.