செவ்வாய்க்கிழமை மணி

யாவோர்னிக் நகரத்துப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வருகிற செவ்வாய்க்கிழமை நண்பகல், உலகம் சுற்றும் பேரெழுத்தாளர் ஒருவர் நம் மலைநகருக்கு எழுந்தருளுகிறார். அவ்வமயம் மசூதியின் பாங்கும், இரு தேவாலயங்களின் மணிகளும் ஒரே நேரத்தில் ஒலித்து, நான்கு மதமும் ஒரே ஊராய் வாழும் நம் மாண்பினை உலகறியச் செய்யும். தெருநாய்களை அன்றைக்கு வீட்டுக்குள் வைத்திருக்கவும்.

தெருநாயை யார் வீட்டுக்குள் வைத்திருப்பது என்று ரிஸ்தோவின் காபிக்கடையில் அரைநாள் விவாதம் நடந்தது. நான்காவது மதம் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. யூதர்களின் கோயில் மெத்தைக்கடையாகி வெகுகாலம் ஆயிற்று. மூன்றாவதான கத்தோலிக்கமும் கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். யுத்தத்துக்குப் பிறகு ஊரில் மிஞ்சிய கத்தோலிக்கர் ஒரே ஒருவர், அந்துன். சர்ச் சாவி அவர் கோட்டுப் பையில் கிடந்தது. பாதிரியார் மாதம் ஒருமுறை வந்து, அந்துன் ஒருவருக்காகப் பூசை வைத்துவிட்டு, மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்குமுன் ஓடிவிடுவார்.

திங்கட்கிழமை மாலை மேயர் நெஜாத் அந்துன் வீட்டுக்கு வந்தபோது, அவர் கட்டிலின்மேல் பையை வைத்துச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க சித்தப்பா கிளம்பிட்டீங்க?"

"சாவோர் கிராமத்துக்கு. கத்தாவுக்கு முடியல. ரெண்டு நாளா என் பேரையே சொல்லிட்டிருக்காளாம். காலைல பஸ்ஸுக்குப் போறேன்."

கத்தா அவருடைய தங்கை. கணவாய்க்கு அந்தப் பக்கம், மகள் வீட்டில் இருந்தாள். அங்கே போக ஒரே பஸ். காலையில் விட்டால் மறுநாள்தான்.

மேயர் தொப்பியைக் கழற்றினார். அது தேர்தல் காலத்துப் பழக்கம். "உங்க மணி இல்லாம என்ன விழா சித்தப்பா? அவரு ஆயிரம் ஊர் பார்த்த மனுஷன். நம்மளப் பத்தி எழுதினா ரோடு வரும், ஓட்டல் வரும். மத்தியானம் ஒரு தடவை அடிச்சிருங்க. அடுத்த நிமிஷம் என் கார்லயே கொண்டுபோய் விடச் சொல்றேன். பஸ் கணவாய்ல மூச்சு வாங்கி நிக்கிற நேரத்துக்கு நீங்க கத்தா அத்தை பக்கத்துல உக்காந்திருப்பீங்க."

அந்துனுக்கு இல்லை என்று சொல்ல வராது. அந்த ஊரில் அவர் உயிரோடு மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம்.

"கயிறு எப்படி இருக்குன்னு இப்பவே ஒருதடவை பார்த்துருங்களேன்" என்றார் மேயர்.

போய் நாலு இழு இழுத்தார். அங்கேதான் தப்பு நடந்தது. யாவோர்னிக்கில் அந்த மணி பூசைக்கு அடிக்கும். மற்ற நாளில் அடித்தால் சாவுக்குத்தான். திங்கட்கிழமை மணி கேட்டதும் ஊர் கணக்குப் போட்டது: கத்தோலிக்கர் யாரோ செத்துவிட்டார். இருப்பதே ஒருவர்.

அந்துன் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் பக்கத்து வீட்டு ஷெவ்கா முக்காட்டோடு நின்றாள். கையில் துக்கம் கேட்க வருபவர்கள் கொண்டுவரும் காபிப் பொட்டலமும் ஒரு கிலோ சர்க்கரையும். அவரைக் கண்டதும் அலறினாள்.

"அடப்பாவி மனுஷா! உசிரோடயா இருக்கீங்க?"

"மன்னிச்சிரு ஷெவ்கா."

"கடைத்தெருவுலருந்து அழுதுட்டே மலையேறி வந்தேன் அண்ணே! நீங்க செத்துட்டீங்கன்னா மணியடிச்சது யாருன்னு பாதி வழியிலதான் புத்திக்கு உறைச்சுது."

"உறைச்சும் வந்தியா?"

"சர்க்கரை வாங்கியாச்சே. எடுத்துட்டு வந்ததத் திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாது. உள்ள வைங்க, இன்னைக்கு இல்லாட்டி என்னைக்காவது ஆகும்."

அவர் அதை அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை பஸ் அந்துன் இல்லாமல் போனது. மூட்டம் கூரைகள்வரை இறங்கியிருந்தது. நிலக்கரிப் புகையும் அதுவும் கலந்ததில் மசூதி எது, மரம் எது என்று தெரியவில்லை. சதுக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் குளிரில் நீலம்பாய்ந்த கையில் காகிதக் கொடி பிடித்து நின்றார்கள். நண்பகல் வந்தது. எழுத்தாளர் வரவில்லை.

இங்கிலீஷ் டீச்சர் ஆம்ராவுக்கு டிரைவர் போன் செய்தார். வரும் வழியில் ஆற்றங்கரைக் கடையில் விருந்தாளி மீன் பார்த்தாராம். இறங்கிவிட்டாராம். முதல் தட்டு முடிந்து, இரண்டாவது பொரிகிறதாம்.

மேயர் இமாமிடம் ஓடினார். "கொஞ்சம் பொறுக்கலாமா?"

"மீன் வேகறவரைக்கும் அல்லாவைக் காத்திருக்கச் சொல்லவா?" என்றார் இமாம். நேரத்துக்கு ஏறி, மூட்டத்தைப் பார்த்துப் பாங்கு சொல்லி இறங்கினார். "அடுத்த பாங்கு பிற்பகல் தொழுகைக்கு. அதுக்குள்ள தின்னு முடிச்சா வரட்டும்."

அந்துன் பையோடு மேயர் முன் வந்து நின்றார். "நெஜாத், நான் போறேன்பா. கார் எங்க?"

மேயர் சதுக்கத்தின் கல்லைப் பார்த்தார். "கார்லதானே சித்தப்பா அவரு வர்றாரு."

"அப்ப வேற வண்டி?"

"ரிஸ்தோ வண்டி கணவாய் ஏறாது. அதுல அவன் பொண்டாட்டியே ஏற மாட்டா. இதோ வந்திருவாரு சித்தப்பா. இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இரண்டு மணி நேரம் ஆனது. பிள்ளைகளின் கொடிகள் நனைந்து தொங்கின. அந்துன் பையை மடியில் வைத்து சர்ச் படியில் உட்கார்ந்திருந்தார். ரிஸ்தோ கொடுத்தனுப்பிய காபி ஆறி ஆடை கட்டியது.

ஒருவழியாகக் கார் வந்தது. கனத்த மனிதர் ஒருவர் இறங்கி, பல்லிடுக்கில் நாக்கைத் துழாவியபடி எல்லோருக்கும் கையசைத்தார். பிற்பகல் பாங்குக்கும் நேரமாகியிருந்தது; மேயர் சைகை காட்ட, இமாம் மினாரில் ஏறினார். ரிஸ்தோ தன் மக்களின் ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்கு ஓடினார். அந்துன் கயிற்றைக் கையில் எடுத்தபோது பையில் போன் அடித்தது. கத்தாவின் மகள்.

"மாமா... அம்மா போயிட்டா. மத்தியானமே போயிட்டா. கண்ணு வாசலையே பார்த்துட்டிருந்துச்சு."

வெளியே பாங்கு எழுந்தது. ரிஸ்தோவின் மணி குதியாட்டம் போட்டது. மூன்றாவதுக்காக எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்துன் கயிற்றை இழுத்தார். ஒன்று. அது முழுக்க ஓயும்வரை விட்டார். பிறகு இன்னொன்று.

ரிஸ்தோ தன் கயிற்றை விட்டுவிட்டார். பாங்கு முடிந்தும் இமாம் மேலேயே நின்றார். சதுக்கத்தில் ஒவ்வொரு தொப்பியாகக் கழன்றது. நேற்று ஏமாந்தவர்கள்தான், ஆனால் இந்த அடிக்கும் நேற்றைய அடிக்கும் வித்தியாசம் அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

விருந்தாளி ஆம்ராவின் காதில் எதையோ கேட்டார். ஆம்ரா மேயரைப் பார்த்தாள். "இது என்ன மணின்னு கேக்கறாரு."

மேயரின் தொப்பியும் கையில்தான் இருந்தது. "பழைய வழக்கம்னு சொல்லு. விருந்தாளியை வரவேற்கறது."

ஆம்ரா அவரையே சற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். எழுத்தாளர் நெகிழ்ந்து கைதட்டினார். இன்னொரு தரம் அடிக்கச் சொல்ல முடியுமா, போனில் பதிய வேண்டும் என்றார். யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே அது நிற்கவே இல்லை.

மூட்டம் கெட்டிப்படுமுன் கிளம்ப வேண்டும் என்று எழுத்தாளர் புறப்பட்டார். அதே காரில்தான்.

மாலையில் ஷெவ்கா வெறுங்கையோடு வந்தாள். "யாரு அண்ணே?"

"கத்தா."

அவள் அலமாரியைத் திறந்து, நேற்றுத் தான் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்துக் காபி வைத்தாள். இருவரும் குடித்துக்கொண்டிருக்கும்போது மேயர் வாசலில் வந்து நின்றார்.

"கார் திரும்பி வந்திருச்சு சித்தப்பா. நானே ஓட்டறேன்."

"இப்ப என்னப்பா அவசரம்" என்றார் அந்துன். "உக்காரு. காபி இருக்கு."

மேயர் உட்கார்ந்தார். ஷெவ்கா அவருக்கும் ஊற்றினாள், சர்க்கரை போடாமல்.

காலை பஸ்ஸில் அந்துன் அடக்கத்துக்குப் போனார். அங்கிருந்து திரும்பவில்லை, கத்தாவின் மகளோடு இருந்துகொண்டார். சர்ச் சாவி அவர் கோட்டுப் பையோடு போய்விட்டது. ஊர் முகப்பில் 'நான்கு மதம், ஒரே ஊர்' என்று பெரிய பலகை வைக்கப்பட்டது.

வசந்தத்தில் கட்டுரை வெளிவந்தது. மேயர் அதை ஆம்ராவிடம் கொடுத்துக் காபிக்கடையில் உரக்க மொழிபெயர்க்கச் சொன்னார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் மூன்று பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

முழுக்க மீனைப் பற்றி இருந்தது.