இரும்புப் பெட்டியில் சாவி

சனிக்கிழமை காலை பேக்கரி வேனை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குக் கிளம்பியவளைப் பார்த்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார்.

"உன் மேல அடிக்கிற வாசனைக்குக் கரடியெல்லாம் வரிசையில வந்து நிக்கப்போகுது, பாத்துக்கோ!"

"நிக்கட்டும். உங்களை மாதிரி முண்டியடிக்காம வரிசையிலயாவது நிக்குதே," என்றாள்.

அவளை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், கட்டியவரும் அப்படித்தான். பத்தொன்பது வருஷமாக விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவள். யாருக்கும் எதையும் சுட்டுக் கொடுக்காமல் இரண்டு நாள் மலைப்பாதையில் வண்டி ஓட்டி, மிருகங்களைத் தூரத்தில் இருந்து பார்த்து, வேனிலேயே தூங்கி எழுந்து வரவேண்டும். அவ்வளவுதான் ஆசை. முதலாளி வேனைக் கொடுத்தார். ரொட்டித் தட்டுகளைக் கழற்றிவிட்டால் பின்பக்கம் ஒரு ஆள் தாராளமாகக் காலை நீட்டலாம். குளிருக்கு, பிசைந்த மாவை மூடிவைக்கும் தடித்த துணியில் ஒன்றைத் துவைத்து எடுத்துக்கொண்டாள். அந்தத் துணிக்கு முன்னால் எந்தக் கம்பளியும் நிற்காது.

சோதனைச் சாவடியில் வனக்காவலர் அறைக்குள் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"வாசனை வர்ற எதுவும் தூங்கும்போது வண்டியில இருக்கக் கூடாதுக்கா. சோப்பு, தைலம், பற்பசை எதுவும். மேல முகாம்ல ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதுல வெச்சு கொண்டியைப் போட்டுடுங்க. கரடி மூக்கை மட்டும் ஏமாத்த முடியாது."

ஒரு கிராம் பிசகாமல் மாவு நிறுக்கிறவளுக்குச் சொல்லவா வேண்டும்! வளைவுக்கு வளைவு நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தாள். எதிர்ச்சரிவில் ஒரு கரடி மண்ணைக் கிளறுவதை இரவல் பைனாகுலரில் ஆசைதீரப் பார்த்தாள். பொழுது சாயும்போது முகாமுக்கு வந்து, சாப்பாடு, சோப்பு, உதட்டுக்குப் போடும் களிம்பு என்று ஒன்று விடாமல் பெட்டியில் வைத்தாள். கைப்பையில் இருமல் மிட்டாய் இருப்பது ஞாபகம் வந்ததும், பையையே தூக்கி உள்ளே போட்டுக் கொண்டியை மாட்டினாள். வேனின் சாவியும் அந்தப் பையில்தான் இருந்தது.

விடிகிற நேரத்தில் வேன் ஆடியது.

காற்று என்று நினைத்துப் புரண்டு படுத்தாள். மறுபடியும் ஆடியது. தகரத்தில் நகம் நீளமாகக் கீறும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினால், பின்கதவுக் கண்ணாடியில் ஈரமான கறுப்பு மூக்கு. அது விட்ட மூச்சில் கண்ணாடி மங்கியது.

நேற்று பைனாகுலரில் உள்ளங்கை அளவு இருந்த மிருகம் அது.

போர்த்தியிருந்த துணியைத் தோளோடு சுற்றிக்கொண்டு எழுந்தாள். தவழ்ந்துபோய் ஓட்டுநர் சீட்டில் விழுந்து, சாவிக்குக் கையை நீட்டியபோதுதான் கைப்பை எங்கே இருக்கிறது என்பது உறைத்தது. இரும்புப் பெட்டி கண்ணெதிரே, இருபது தப்படியில் இருந்தது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அக்கம்பக்கத்தில் வேறு வண்டியும் இல்லை. தான் எங்கே படுத்திருக்கிறோம் என்று வீட்டில்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

ஹாரனை அழுத்தினாள். கரடி பத்தடி பின்வாங்கி உட்கார்ந்து யோசித்தது. அப்புறம் எழுந்து வந்தது. இரண்டாம் தடவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்கதவின் ரப்பர் கிழிந்தது. கதவு வளைந்து, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கு வழியாக நகங்கள் உள்ளே வந்தன.

"என்னதான் வேணும் உனக்கு? எல்லாத்தையும்தான் எடுத்து வெச்சுட்டேனே!" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. சாவதற்கு முன்னால் காரணமாவது தெரியக்கூடாதா? அப்போதுதான் வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. தோளைச் சுற்றியிருந்த துணியைக் குனிந்து பார்த்தாள். எத்தனை துவைத்தால் என்ன, வருஷக்கணக்காக வெண்ணெயும் சர்க்கரையும் ஊறிய துணி. அதிலேயே கிடக்கிற அவள் மூக்குக்கு அது வெறும் காற்று.

கண்ணாடியை நான்கு விரல் அளவுக்குச் சுற்றி இறக்கினாள். துணியை வெளியே திணிக்கத் திணிக்க, கரடி வேனைச் சுற்றிக்கொண்டு வந்தது. பாதித் துணி உள்ளே இருக்கும்போதே ஒரு இழுப்பு. அந்த வேகத்தில் அவள் தோள் கதவில் மோதியது. துணியைப் புதரோரம் இழுத்துப்போன கரடி, உட்கார்ந்து, இரண்டு முன்கால்களாலும் பிடித்துக்கொண்டு சப்ப ஆரம்பித்தது.

மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். ஓடவில்லை. பெட்டியை நோக்கி நடந்தாள். கொண்டியைத் தூக்க மூன்றாவது தடவைதான் முடிந்தது. பெட்டியின் மூடி கணகணத்தது. கரடி சப்புவதை நிறுத்தி எழுந்து நின்றது. மூக்கை உயர்த்தியது. துணி காலடியில் கிடக்க, மூக்கு அவள் பக்கம் திரும்பியது.

துணி மட்டும் இல்லை என்பது அப்போது புரிந்தது. தலைமுடி, சட்டை, தோல், எல்லாமே அந்த வாசனைதான்.

எப்படி நடந்தாள், எப்படி ஏறினாள் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கதவைச் சாத்திய அடுத்த நொடி கண்ணாடியில் பாதம் விழுந்தது. வண்டி கிளம்பிவிட்டது. நேற்று நின்று நின்று ரசித்த வளைவுகளில் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. வளைந்த பின்கதவு வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தது.

சாவடியில் காவலர் ஓடிவந்தார். பின்கதவைப் பார்த்து முகம் வெளுத்தார். ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்க அவளால் முடியாததால், அவரே கதவைத் திறந்தார்.

"பேக்கரி வண்டியாக்கா இது? வெண்ணெய் வாசனை கும்முன்னு அடிக்குதே!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி," என்று விம்மினாள்.

கைத்தாங்கலாக இறக்கி, பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் எடுக்க அவர் உள்ளே போனார். அவர் வளர்க்கிற நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. தொங்கிக்கொண்டிருந்த அவள் கையை ஒருமுறை மோந்தது. பிறகு ஆசையாக நக்கத் தொடங்கியது. ஒவ்வொரு விரலாக, விரல் இடுக்கெல்லாம்.

"அது ஒண்ணும் பண்ணாதுக்கா," என்றார் காவலர், தண்ணீரோடு வந்து.

அவள் கையை இழுக்கவில்லை. உதடு அசையாமல் சொன்னாள்:

"மெதுவா... மெதுவா அதைக் கூப்பிட்டுக்கோ தம்பி."